நீங்க மட்டுந்தான் பாக்கி

வில்பிரட் இறந்த பிறகு வருகிற ஐந்தாவது மழைக்காலம் இது. இறந்ததிலிருந்து ஒரு மழைக்குக்கூட அவர் வேலைக்கு மட்டம் போட்டதில்லை. உயிரோடு இருந்தபோதாவது காய்ச்சல், கல்யாண வீடு என்று எப்போதாவது தவறியிருக்கிறார்.

இதை எப்சிபா யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எதிரில் இருப்பவர்கள் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் முழிப்பார்கள். அதைப் பார்க்கவும் அவளுக்குத் தெம்பில்லை. புருஷன் செத்த துக்கம் மற்றவர்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிப்போகிறது. அவளுக்கு மட்டும் ஐப்பசி பிறந்தால் புதுசாக வந்து இறங்கும், அதுவும் கம்பெனி வண்டியில்.

வண்டியில் வந்தவள் மிருதுளா. வெள்ளத்தைக் கணித்து ஊருக்குப் போன் போடுகிற மெஷினான கணிப்பானைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியின் இன்ஜினியர். கோயம்புத்தூர்ப் பெண், நல்ல பெண்தான், அதில் குறை சொல்வதற்கில்லை. அணையின் ஷட்டர் அறையில் மேசைமேல் திரையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஒரே ஒரு டெஸ்ட் கால் மேடம். ஓனர் கேட்டு சரின்னு சொன்னாத்தான் சீசனுக்கு ஆன் பண்ண முடியும்" என்றாள்.

"கேக்காமலே சரின்னு சொல்லிருதேனே."

"முடியாதுங்க மேடம். நீங்க கேக்கறதையும் அது பாத்துக்கும்."

எப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் ஒரு செருமல் வந்தது. அதன் பிறகு வில்பிரட் பேசினார்.

"ஏ முப்பிடாதி, சாப்ட்டாச்சா? மழ பெருசா வருது பாத்துக்கோ. பிள்ளையளக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு ஏறிருங்க. எல்லாரும் ஏறியாச்சு, நீங்க மட்டுந்தான் பாக்கி."

அந்தச் செருமல்தான் அவளைக் கொல்லும். செருமுவதற்கு மெஷினுக்குத் தொண்டை எங்கே இருக்கிறது? மனுஷன் நீளமாகப் பேசப் போனால் முதலில் செருமிக்கொள்வார். அதைக்கூட விடாமல் எடுத்து வைத்திருக்கிறது. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மழை நேரத்தில், அணைக்குக் கீழே இருக்கிற கீழநொச்சியில் எல்லார் வீட்டுக்கும் போகிற அந்தக் குரல் அவள் வீட்டுக்கு மட்டும் வராது. அவள் வீடு அணைக்கட்டின் மேலேயே இருக்கிறது. ஏறு என்று அவளிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

கட்டு வில்பிரட்டின் தாத்தா கட்டியது. தன் பஞ்சாலைக்குக் கரண்டு எடுப்பதற்காக நொச்சியோடையின் குறுக்கே கல்லடுக்கிச் சுண்ணாம்பு வைத்து எழுப்பினார். ஆலையை மூடிப் பல காலமாயிற்று. கட்டு மட்டும் குடும்பச் சொத்தாக நின்றது. விற்கலாமென்றால் வாங்குவாரில்லை, இடிக்கலாமென்றால் அனுமதியில்லை. பிறகு, ஒரு மாத மழை ஒரே மதியத்தில் மலையில் கொட்டித் தீர்க்கிற காலம் வந்தது. தனியார் கையில் இருக்கிற இந்தமாதிரிச் சின்னக் கட்டுகளையெல்லாம் வெள்ளத் தணிப்புக்கு என்று ஒதுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதாவது மழைக்காலம் முழுக்க அணையைக் காலியாக வைத்திருக்க வேண்டும். மலையிலிருந்து வெள்ளம் இறங்கினால் அதைப் பிடித்துக்கொண்டு அளவாகக் கீழே விட வேண்டும். அணையில் தண்ணீர் இல்லையென்று ஊரெல்லாம் கேலி செய்யும். காலியாகக் கிடப்பதுதான் அதன் உத்தியோகம் என்று வில்பிரட் சொல்லிக்கொண்டு திரிவார்.

ஷட்டரைப் பெரிதாகத் திறக்க வேண்டி வந்தால், கீழநொச்சிக்காரர்கள் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறியாக வேண்டும். சைரன் வைத்துப் பார்த்தார்கள், ஒருவரும் அசையவில்லை. அரசாங்க எச்சரிக்கை சின்னத் தூறலுக்கும் போனில் வந்து வந்து, அதைப் படிப்பதையே விட்டுவிட்டார்கள். வில்பிரட் ஒவ்வொரு வீடாகப் போன் போடுவார். சாப்பிட்டாச்சா என்று கேட்பார். எல்லாரும் ஏறியாச்சு, நீங்க மட்டுந்தான் பாக்கி என்பார். பச்சைப் பொய். முதல் வீட்டுக்கும் அதைத்தான் சொல்வார். ஊரில் யாருக்கும் முதல் ஆளாகக் கிளம்பப் பிடிக்காது. பயந்தாங்கொள்ளி என்று பெயராகிவிடும். கடைசி ஆளாக நிற்கவும் பிடிக்காது. அந்தப் பொய்யில் ஊர் மொத்தமும் ஏறிவிடும். ஏறிய பிறகு ஒருவரையொருவர் பார்த்து, "உனக்கும் அதேதான் சொன்னாவளா?" என்று சிரித்துக்கொள்வார்கள். அடுத்த மழைக்கும் அதே பொய்க்கு ஏறுவார்கள்.

அவர் நெஞ்சு வலியில் இறந்துபோன வருஷம், எப்சிபா கலங்கிக் கிடந்த நேரத்தில், கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர் போனில் அத்தனை பேச்சும் பதிவாகியிருந்தது. அந்தக் குரலைக் கணிப்பானுக்குக் கொடுத்தால் ஒரே நேரத்தில் எல்லா வீட்டுக்கும் அவரே பேசுவார் என்றார்கள். அவள் சரி என்றாள். கீழநொச்சியில் எல்லோருமே அவர் சவ அடக்கத்துக்கு வந்தவர்கள்தான். இருந்தாலும் மழை வந்து போன் அடித்தால், "அண்ணாச்சி சொல்லுதாவ, ஏறுங்க" என்றார்கள். சில பேர் வெயில் காலத்திலும் அந்த நம்பரைக் கூப்பிட்டு, மகன் ஒழுங்காக வேலைக்குப் போகவில்லை என்று குறை சொல்வதாகக் கேள்வி. மூன்று மழை இப்படி நல்லபடியாகத்தான் போயிற்று.

போன மழையில் கோமதி செத்துப்போனாள்.

அவள் புருஷன் சங்கிலிபூதத்தான் தை மாதத்தில் ஒரு காலையில் வந்து கதவைத் தட்டினான். எப்சிபா கதவைத் திறந்தாள். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றான்.

"உள்ள வாங்க தம்பி."

"இருக்கட்டும் மதினி. ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். கோவமா வரல." வாசல்படியிலேயே நின்றுகொண்டான். "அன்னைக்கு நான் சந்தையில நிக்கேன். அண்ணாச்சி போன் வருது. எல்லாரும் ஏறியாச்சு, நீ மட்டுந்தான் பாக்கிங்காவ. எல்லாரும்னா கோமதியும்தான? நான் நேரா மேட்டுக்குப் போயிட்டேன். அங்க போய்த் தேடுதேன், அவ இல்ல. போன சார்ஜ்ல போட்டுட்டு ஆட்டுக் கொட்டாயில நின்னுருக்கா. போன் அடிச்சது அவளுக்குக் கேக்கல. அதுக்குள்ள ஷட்டர் தெறந்துட்டு."

"தெரியும் தம்பி."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாம இருந்திருந்தா வீட்டப் பாத்துப் போயிருப்பேன். தூக்கிட்டு வந்திருப்பேன்."

எப்சிபா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி உசுரோட இருந்து சொல்லியிருந்தாவன்னா இந்த வாசல்ல வந்து சட்டையப் பிடிச்சிருப்பேன். அவுகளும் பிடிச்சுக்கோன்னு நின்னிருப்பாவ. இப்ப நான் யாரு சட்டையப் பிடிக்க? கம்பெனிக்குப் போன் போட்டா இன்னொரு மெஷின் எடுத்துப் பேசுது. ரொம்ப மரியாதையாத்தான் பேசுது." அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். "அவ போன் பரண்ல இருந்ததால பிழைச்சுக்கிட்டு மதினி. தெனமும் சார்ஜ் போட்டு வைக்கேன். என்னத்துக்குன்னு எனக்கே தெரியல."

காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று அவள் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது திரையில் வில்பிரட் பேசி முடித்திருந்தார், மிருதுளா பதிலுக்குக் காத்திருந்தாள்.

"அந்த வரிய எடுத்துரும்மா" என்றாள் எப்சிபா.

"எந்த வரிங்க மேடம்?"

"எல்லாரும் ஏறியாச்சுங்கறது. உள்ளதச் சொல்லட்டும். ஏறாதவங்க இருந்தா ஏறலன்னு சொல்லட்டும்."

மிருதுளா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். "நாங்க யாரும் அதுக்குப் பொய் சொல்லக் கத்துக்கொடுக்கல மேடம். சாரோட பேச்சையெல்லாம் அது கேட்டுச்சு. எதைச் சொன்னா ஆளுங்க சீக்கிரம் ஏறறாங்கன்னு பாத்துச்சு. இந்த வரி சொன்ன வீடெல்லாம் உடனே கெளம்பியிருக்கு. அதனால எல்லாருக்கும் சொல்லுது. அவ்வளவுதான்."

"அவுக எல்லாருக்கும் சொல்ல மாட்டாவ. வீட்டுல படுத்த படுக்கையா ஆள் கெடந்தா சொல்ல மாட்டாவ. புருசன் ஒருபக்கம் பொண்டாட்டி ஒருபக்கம் நின்னா சொல்ல மாட்டாவ. மொதல்ல வீட்டுக்குப் போய் அவளக் கூட்டிக்கிட்டு ஏறுன்னுதான் சொல்லுவாவ."

"இருந்திருக்கலாம். ஆனா அந்த மாதிரி கால் ரொம்பக் கொஞ்சமா இருந்திருக்கும். கொஞ்சமா இருக்கறதை அது கணக்குல எடுத்துக்காது மேடம்."

"அந்தக் கொஞ்சத்துலதாம்மா ஒருத்தி போனா."

மிருதுளா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாவம், அவளும் அந்தக் கணக்கைப் போட்டவள் இல்லை, வந்து திறந்து மூடிவிட்டுப் போகிறவள்தான். "எடுத்துடறேன். ஆனா ஏற மாட்டாங்க மேடம், சொல்லிட்டேன்" என்றாள். அப்புறம் இன்னொன்றையும் சொன்னாள். கோமதி விஷயத்துக்குப் பிறகு சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். இனிமேல் ஷட்டர் தானாகப் பெரிதாகத் திறக்காது. கணிப்பான் நேரம் குறிக்கும். பட்டனை ஓனர்தான் அழுத்த வேண்டும்.

"அப்ப இனி யாரும் செத்தா நான் கொன்னதா?"

"அப்படியில்லைங்க மேடம்."

"அப்படித்தான். இருக்கட்டும்" என்றாள் எப்சிபா. அவளுக்கு என்னவோ அதில் கோபம் வரவில்லை.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் மலையைப் பார்த்தாள், மலையைக் காணோம். ஷட்டர் அறைக்கு வருவதற்குள் திரை விழித்துக்கொண்டிருந்தது. ஷட்டர் அளவாகத் திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே வருகிற தண்ணீர், வெளியே போவதைப்போலப் பல மடங்கு. பொழுது சாய்வதற்குள் கட்டு நிறைந்துவிடும் என்று கணிப்பான் சொல்லிற்று. அதற்கு முன்னால் ஷட்டரை முழுசாகத் திறந்தாக வேண்டும். திறந்தால் கீழநொச்சித் தெருவில் ஆளை இழுக்கிற வேகத்தில் தண்ணீர் போகும். திறக்காமல் விட்டுக் கட்டுக்கு மேலே வழிந்தால் தாத்தாவின் சுண்ணாம்பு தாங்காது. கட்டோடு இந்த வீடு போகும், கீழே பள்ளிக்கூட மேடும் தப்பாது.

திரையில் கீழநொச்சியின் ஒவ்வொரு போனும் ஒரு புள்ளி. தெருவில் இருந்தால் சிவப்பு, மேட்டுக்குப் போய்விட்டால் பச்சை. எல்லாம் சிவப்பாக இருந்தது.

வில்பிரட் செருமினார். எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் பேசினார். எப்சிபா காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஏ முப்பிடாதி, சாப்ட்டாச்சா? பெரிய தண்ணி வருது, மேட்டுக்கு ஏறிருங்க. இதுவரைக்கும் யாரும் ஏறல."

"யாரும் ஏறலியா? அப்ப ஒண்ணும் அவசரமில்ல போல" என்றாள் முப்பிடாதி. "மாமாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு வாரேன் அண்ணாச்சி."

இன்னொரு வீட்டில் இசக்கிராஜ், "பக்கத்து வீட்டுக்காரன் கெளம்பட்டும், சொல்லுங்க. போன மாசம் சும்மா ஏறி எறங்குனதுக்கே கிண்டல் பண்ணிட்டான்" என்றான். பக்கத்து வீட்டுக்காரன் இசக்கிராஜ் கிளம்பட்டும் என்றான். உண்மையைச் சொன்னதில் ஊர் மொத்தமும் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஒரு புள்ளி பச்சையாயிற்று. அது சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய பள்ளிக்கூட வாத்தியார், அவர் வேலையே அங்கேதான்.

மிருதுளா லைனில் வந்தாள். "மேடம், பாத்துட்டுத்தான் இருக்கேன். பழைய வரியைத் திருப்பிப் போடட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

எப்சிபா திரையைப் பார்த்தாள். சிவப்பு அப்படியே இருந்தது. அணையில் தண்ணீர் படியை மூடி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷ வேலைதான். அவர் பொய் சொல்வார், ஊர் ஏறிவிடும், அவள் பட்டனை அழுத்திவிட்டுப் போய்ப் படுக்கலாம். படுக்க வேண்டும்போலத்தான் இருந்தது அவளுக்கு.

"வேண்டாம். அவுக பேச்ச நிப்பாட்டும்மா. பொய் சொல்லணும்னா நான் சொல்லுதேன்."

"நீங்க ஒவ்வொருத்தராத்தானே கூப்பிட முடியும்?"

"அவுகளும் ஒவ்வொருத்தராத்தான் கூப்ட்டாவ."

மேசை இழுப்பறையில் வில்பிரட்டின் பழைய போன் கிடந்தது. எல்லார் பேரும் அதில்தான் இருந்தது. அவள் முப்பிடாதியிலிருந்து ஆரம்பித்தாள். பேச வாயைத் திறந்ததும் செருமினாள். செருமிய பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

"முப்பிடாதி, நான் எப்சிபா பேசுதேன். சாப்ட்டாச்சா?"

"மதினியா? அண்ணாச்சி பேருல்லா வருது. அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு?"

"அண்ணாச்சி செத்துப்போனாவட்டி. மாமாவுக்குத் தொணைக்கு ஆள் அனுப்புதேன். நீ பிள்ளையளக் கூட்டிக்கிட்டு ஏறு. எல்லாரும் ஏறியாச்சு, நீங்க மட்டுந்தான் பாக்கி."

எதிர்முனையில் பாத்திரம் விழுகிற சத்தமும், பிள்ளைகளை அதட்டுகிற சத்தமும் கேட்டன. செத்தவர் கூப்பிட்டுப் பழகிய ஊர் அது. உயிரோடு இருக்கிறவள் கூப்பிட்டதும் நிஜமாகவே மிரண்டுவிட்டது.

இசக்கிராஜுக்குச் சொன்னாள். அவன் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் முதல் தடவைபோலவே நாக்கு கூசியது. வில்பிரட் இதை எத்தனை வருஷம் சொன்னார், ஒரு நாளாவது தூங்கினாரா என்று இப்போது நினைத்தாள். மழை நாளில் பின்னிரவில் எழுந்து உட்கார்ந்திருப்பார். வாயுத் தொந்தரவு என்பார். அவளும் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

புள்ளிகள் நகரத் தொடங்கின. ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

கோமதி புருஷன் சங்கிலியை அவள் கடைசியாகத்தான் கூப்பிட்டாள். அவனிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள்.

"தம்பி, இன்னும் நாலஞ்சு வீடு ஏறல. முப்பிடாதி மாமனாரு படுக்கையில கெடக்காரு. கொஞ்சம் போய்ப் பாக்க முடியுமா?"

"பாக்கேன்" என்றான் அவன். வேறொன்றும் கேட்கவில்லை.

மிருதுளா லைனிலேயே இருந்தாள். மழை அறையின் கண்ணாடியை அறைந்தது. முப்பிடாதியின் மாமனாருடைய புள்ளியும் ஒருவழியாக நகர்ந்து பச்சையாயிற்று. கடைசியில் சங்கிலியின் புள்ளியும் மேட்டில் போய் நின்றது. திரையில் ஒரு சிவப்பு இல்லை.

"கிளியர் மேடம்" என்றாள் மிருதுளா. "எல்லாரும் ஏறியாச்சு. திறங்க."

எப்சிபா பட்டன்மேல் விரலை வைத்தாள். அப்போது பழைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். கோமதி சங்கிலி என்று போட்டிருந்தது.

விரலை எடுத்துக்கொண்டு அழைப்பை ஏற்றாள்.

"மதினி." சங்கிலிதான். "எல்லாரும் ஏறியாச்சு. தெறந்துருங்க."

அவன் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. மத்தியானத்திலிருந்து அவள் இதே வார்த்தையைத்தான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய்யாகச் சொல்லும்போது அது எப்படி வழுக்கிக்கொண்டு வரும் என்று இன்றைக்கு அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"கோமதி போன்ல இருந்தா பேசுதீய?"

"ஆமா."

"உங்க போன் மேட்டுல காட்டுதே."

"முப்பிடாதி பையில போட்டுட்டேன். நனையுதுன்னு."

கோமதி செத்ததும் அவள் நம்பரைக் கம்பெனி எடுத்துவிட்டது. திரைக்கு அந்தப் போன் தெரியாது. எப்சிபா போனைக் காதோடு அழுத்தினாள். மறுமுனையில் தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கான்கிரீட் கூரை. கீழநொச்சியில் தகரம் போட்டது ஒரே ஒரு இடம்தான், சங்கிலியின் ஆட்டுக் கொட்டகை.

"தம்பி, வெளிய வாங்க."

"இங்கனயே இருந்துக்கிடுதேன் மதினி. நீங்க தெறந்துருங்க. இது உங்க மேல வராது. நான்தான எல்லாரும் ஏறியாச்சுன்னு சொன்னேன்?"

"மேடம்," என்று இன்னொரு காதில் மிருதுளா கூப்பிட்டாள், "லெவல் மேல வந்திடுச்சு, சீக்கிரம்." எப்சிபா அந்தப் போனை மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, கேளுங்க. நீங்க அங்க உக்காந்திருக்க நான் தெறக்க மாட்டேன். தெறக்கலன்னா தண்ணி மேல வழியும். நான் கட்டு மேல இருக்கேன், நான்தான் மொதல்ல போவேன். அப்புறம் அந்த மேட்டுல நிக்க அத்தன பேரும் வருவாவ. முப்பிடாதி பிள்ளையளும் வரும். இப்பத்தான் நீங்க அவ மாமனாரத் தூக்கிட்டுப் போய் விட்டிய."

"மதினி, என்ன இது, தெறங்க."

"நான் நாக்காலியில உக்காந்திட்டேன். எனக்கும் அலுத்துப்போச்சு தம்பி. உங்களுக்கு மட்டுந்தான் அலுப்புன்னு நெனச்சியளா?"

தகரத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது. அவன் அழுகிறானா என்று தெரியவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், அது அவளுக்குத் தெரிந்தது.

"எல்லாரும் ஏறியாச்சு தம்பி" என்றாள். "நீங்க மட்டுந்தான் பாக்கி."

அன்றைக்கு ஊர் முழுவதற்கும் அவள் சொன்ன பொய், அவன் ஒருவனிடத்தில் மட்டும் உண்மையாக இருந்தது. அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மூச்சு கேட்டது. பிறகு தகரச் சத்தம் போய் வெறும் மழையின் சத்தம் வந்தது. சேற்றில் கால் இழுபடுகிற சத்தம் வந்தது. அவள் போனை வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. கட்டின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் நின்று ஆடியது. அவள் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேன்" என்றான் கடைசியில். பின்னால் பிள்ளைகள் கத்துவதும், முப்பிடாதி யாரையோ திட்டுவதும் கேட்டன. "நீங்க சொன்னதுக்காகத்தான் வந்தேன்."

"சரி. கொரல் குடுக்கச் சொல்லுங்க முப்பிடாதிய."

முப்பிடாதி பேசினாள். எப்சிபா பட்டனை அழுத்தினாள். கட்டு அடிவயிற்றிலிருந்து அதிர்ந்தது, தண்ணீர் சிவந்துபோய்க் கீழே பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கீழநொச்சித் தெரு ஓடையாயிற்று. ஆட்டுக் கொட்டகை அதில் எப்போது போயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை.

மழை மறுநாள் காலையில் விட்டது. மிருதுளா மத்தியானம் கூப்பிட்டாள். அவளும் தூங்கியிருக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. நல்லபடியாக விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. மேல இருந்து கேக்கச் சொன்னாங்க. நேத்து நீங்க பேசினதெல்லாம் பதிவாயிருக்கு. சாரோட குரலைவிட உங்க குரலுக்கு ஆளுங்க வேகமா ஏறியிருக்காங்க. நீங்க சரின்னா அடுத்த சீசனுக்கு உங்க குரலையே போட்டுடலாம்னு... உங்களுக்கு வயசாகுது, ஒவ்வொரு மழைக்கும் இப்படி உக்காந்து..."

எப்சிபாவுக்குக் கண் எரிந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலித்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த நாற்காலியில் இனி உட்கார வேண்டியதில்லை.

"அந்தக் கொரல் என்ன மாதிரியே பேசுமா?"

"அப்படியே பேசும் மேடம்."

"செருமுமா?"

"செருமும்."

"நாளைக்கு யாராவது கேக்க வந்து கதவத் தட்டுனா, எந்திரிச்சுப் போய்த் தெறக்குமா?"

"இல்லைங்க மேடம்" என்றாள் மிருதுளா.

"அப்ப அழிச்சிரும்மா. அவுக கொரலையும் அழிச்சிரு."

போனை வைத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். மலை கழுவிவிட்டதுபோலத் தெரிந்தது. அணை மறுபடி காலியாகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் படுக்கலாம் என்று எழுந்தபோது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு தட்டப்பட்டது.

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு போய்த் திறந்தாள்.

"உள்ள வாங்க தம்பி. சாப்ட்டாச்சா?"

"இல்ல மதினி" என்றான் சங்கிலி, உள்ளே வந்தான்.